கிணற்றுக்குக் கிடைத்த விடுதலை

"அக்கா, உங்களுக்கு இல்லாத சுதந்திரம் எது?"

கேட்டவள் கஜானி, முற்போக்கு மக்கள் விடிவு முன்னணியின் கருத்தறியும் பிரிவைச் சேர்ந்தவள். பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. றோட்டு, மதகு, தெருவிளக்கு என்று சில்லறைக் கதை கதைப்பதில்லை என முன்னணி இந்த முறை முடிவெடுத்திருந்தது. ஒரே ஒரு சொல்தான்: சுதந்திரம். சொல் கிடைத்துவிட்டது, சுவரொட்டியும் அடித்தாகிவிட்டது. அது யாரிடம் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. அதற்குத்தான் கஜானியை வெயிலுக்குள் வீடு வீடாக அனுப்பியிருந்தார்கள்.

உதயகலா யோசித்தாள். வீட்டில் சீனி இல்லை, மண்ணெண்ணெய் குறைவு. இதெல்லாம் கேட்ட உடனே சொல்லக்கூடியவை. சுதந்திரத்தை அவள் அப்படிப் போத்தல் போத்தலாகக் குலுக்கிப் பார்த்ததில்லை.

"சுதந்திரம் எண்டால் என்ன மாதிரிப் பிள்ளை?"

"இப்ப, உங்களை ஆராவது அடக்கினமோ? கணவர்?"

"அவர் லொறியிலை தம்புள்ளைக்குப் போய் வாறவர். கிழமைக்கு ஒருக்கா வந்தால் தின்னவும் நித்திரை கொள்ளவுமே நேரம் காணாது. அடக்கிறதுக்கு எங்கை நேரம்?"

"மாமியார்?"

"அவ கனடாவிலை."

"பேச்சுச் சுதந்திரம்?"

"அதைப் பக்கத்து வீட்டு மீனாம்பிகை அக்காவிட்டைக் கேளும். அவ இடம் விட்டால்தானே மற்றவை கதைக்கிறது."

கஜானியின் முகம் வாடிவிட்டது. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் அகப்பட்டதெல்லாம் தெருநாய்க் குறையும் உடைந்த மதகுக் குறையும்தான். அவை தேர்தல் விஞ்ஞாபனத்தின் தரத்துக்கு வராதவை.

உதயகலாவுக்கு மனம் பொறுக்கவில்லை. வந்த பிள்ளையை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? தேத்தண்ணி கொடுத்தாயிற்று. முருங்கைக்காய் கேட்டிருந்தால் நாலு முறித்துக் கொடுத்திருப்பாள். இவள் கேட்பதோ குறை. ஆகவே வீட்டில் கிடந்த ஒரே ஒரு குறையைத் தேடியெடுத்து, தூசு தட்டிக் கொடுத்தாள்.

"என்ரை இறைப்பு முறை திங்களும் வியாழனும், பிள்ளை. ஊரிலை நல்ல காரியமெல்லாம் வியாழனிலைதான் வரும். போன மாசம் தங்கச்சியின்ரை பெட்டை பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு. நான் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டுப் போக ஆலாத்தியும் முடிஞ்சுது. வேறை ஒரு குறையும் இல்லை."

கஜானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முறை எண்டால்?"

உதயகலா விளங்கப்படுத்தினாள். தோட்டக் கிணறு மூன்று வீட்டுக்கும் பங்கு. திங்களும் வியாழனும் அவள் இறைப்பாள்; செவ்வாயும் வெள்ளியும் இராசநாயகம்; புதனும் சனியும் மீனாம்பிகை. ஞாயிறு ஒருவரும் இறைப்பதில்லை, கிணறு ஊற வேண்டும்.

"அப்ப மற்ற நாளிலை உங்களுக்குத் தண்ணி மறுக்கப்படுது."

"மறுக்கிறேல்லை, பிள்ளை. அது அவையின்ரை நாள்."

கஜானி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தேடியது கிடைத்தவளின் வேகத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தேத்தண்ணியும் பாதியில் கிடந்தது.

மறுநாளே வட்டார அமைப்பாளர் கோபிசங்கர் ஒரு புகைப்படக்காரரோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். நேரே கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக்கட்டைத் தடவினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, செத்த வீட்டுக்கு வந்தவரைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு காலமா உங்களைக் கட்டி வைச்சிருக்கு, அக்கா?"

"ஆர் கட்டி வைச்சது?"

"திங்களும் வியாழனும்."

"அது கிழமை, தம்பி."

"அதைத்தான் சொல்லுறன்! ஒடுக்குமுறை இப்ப பொல்லோடை வாறேல்லை அக்கா, கலண்டரோடைதான் வருது. சூரியனுக்கு முறை இருக்கோ? காத்துக்கு முறை இருக்கோ? பேந்து ஏன் தண்ணிக்கு மட்டும்?"

சூரியன் பின்னேரமானால் தன் முறை முடிந்து இறங்கிப் போவதைத்தான் உதயகலா இவ்வளவு நாளும் கண்டிருந்தாள். ஆனாலும் படம் எடுக்கிற நேரத்தில் குறுக்கே கதைப்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் அந்தப் படம் 'மௌனமாக்கப்பட்ட பெண்' என்ற தலைப்பில் முன்னணியின் முகநூலில் வந்தது.

முறையை எடுத்துவிடலாம் என்று முன்னணி கேட்டால் இராசநாயகம் மறுப்பார் என்று அவள் நம்பியிருந்தாள். வயதில் மூத்தவர். பக்கத்து வரம்பில் யாரேனும் கால் வைத்தாலே சண்டைக்கு வருகிறவர். அவரோ கோபிசங்கர் சொன்னதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்ல விசயம்தானே, பிள்ளை? படிச்ச பெடியள் யோசிச்சுச் சொல்லுதுகள்."

அவர் போன மாதம்தான் பெரிய இறைப்பு மிசின் ஒன்று வாங்கியிருந்தார். அந்த மிசினுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போதாமலிருந்தது.

"அந்தாள் எல்லா நாளும் இறைச்சால் நான் என்ன விரல் சூப்பிக்கொண்டு நிக்கிறதோ?" என்றாள் மீனாம்பிகை. "எனக்கும் விடுதலை வேணும். அவருக்குக் குடுக்கிற அளவிலை குடுங்கோ."

இப்படியாகக் கிணற்றை விடுவிக்கப் பங்காளிகள் மூவரும் ஏகமனதாகச் சம்மதித்தார்கள் என்று முன்னணியின் அறிக்கை சொன்னது. உதயகலா எப்போது சம்மதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரமாக இருக்க வேண்டும்.

விடுவிப்பு விழா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கிணற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். வட்டமாகக் கட்டிய நாடாவை எந்த இடத்தில் வெட்டுவது என்று செயற்குழு நெடுநேரம் விவாதித்தது. இடப்பக்கம் வெட்டுவதே கொள்கைக்குப் பொருத்தம் என்று முடிவாயிற்று. வட்டத்துக்கு இடப்பக்கம் எது என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"இன்றிலிருந்து," என்று கோபிசங்கர் ஒலிவாங்கியைப் பிடித்தார், "இந்தக் கிணற்றில் எவரும் எந்த நேரமும் இறைக்கலாம்! எவரும் எவருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை! காத்திருக்க வைப்பதுதான் அடிமைத்தனத்தின் முதற்படி!"

அவர் வருவதற்காகச் சனம் விடிந்ததிலிருந்து காத்திருந்தது. ஆகவே நன்றாகக் கைதட்டியது.

தட்டி முடிய முன்னமே இராசநாயகத்தின் மிசின் உறுமியது. மீனாம்பிகையின் மிசின் அதற்குப் பின்னால் தொடங்கியது. உதயகலாவின் பழைய மிசின் கயிறு பல தடவை இழுத்தால்தான் இருமும். அது இருமித் தொடங்கியபோது குழாய் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத்தான் உறிஞ்சியது. கிணற்றின் அடிப்பாறை வெளியே தெரிந்தது. மூன்று வீட்டாரும் பிறந்ததற்குக் கண்டிராத பாறை அது.

"அருமை!" என்று புகைப்படக்காரர் அதையும் படம் எடுத்தார்.

அதற்குப் பிறகு கிணற்றடியில் நிம்மதி இல்லை. இராசநாயகம் கோழி கூவமுன் வந்தார். மீனாம்பிகை கோழியை எழுப்பிக்கொண்டு வந்தாள். உதயகலா வருகிறபோது கலங்கல்தான் மிஞ்சியிருந்தது. சில நாட்களில் அந்தக் கலங்கலும் உப்புக் கரித்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் அப்படித்தான்: அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவரை இழுக்கும். உதயகலாவின் வெங்காயம் கிழங்கு திரளும் பருவத்தில் நின்றது. அந்த நேரம் தண்ணீர் தவறினாலும் கெடும், உவர் பட்டாலும் கெடும். அதற்கு இரண்டும் கிடைத்தன. வேலியோரப் பாத்திகளில் தாள் நுனி கருகி மடிந்தது. அந்த வெங்காயத்தை விட்டால் அவளுக்கு அந்த வருடத்தில் வேறு பயிர் இல்லை.

அவள் மருதனார்மடம் சந்திக்கு பஸ் ஏறினாள். சந்தைக்கு எதிரே முன்னணியின் காரியாலயம். சுவர் முழுக்க அவளுடைய படம்.

"வாங்கோ அக்கா, இருங்கோ!" கோபிசங்கர் கதிரையை இழுத்துப் போட்டார். "எப்பிடி இருக்கு விடுதலை?"

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. அதைத் திருப்பி எடுக்கேலாதோ?"

"எதை?"

"இந்தச் சுதந்திரத்தை. எனக்கு அது அளவாயில்லை."

கோபிசங்கர் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அக்கா, உப்பிடிப் பகிரங்கமாக் கதையாதேங்கோ. விஞ்ஞாபனம் அச்சுக்குப் போயிட்டுது. அட்டையிலை நீங்கள்தான்."

"தண்ணி உவர்க்குது. வெங்காயம் கருகுது, தம்பி."

"அது விடுதலையாலை வந்த குறையில்லை. விடுதலை போதாததாலை வந்த குறை. ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கு லீவு குடுக்கிறியளெல்லோ? அது பச்சைப் பிற்போக்கு. அதையும் நிப்பாட்டுங்கோ."

"கிணறு ஊற வேண்டாமே?"

"கொஞ்சம் கொஞ்சமா ஊறுறதெல்லாம் சீர்திருத்தவாதம், அக்கா. எங்களுக்கு வேண்டியது பாய்ச்சல்." மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்தவராகக் குரலை மாற்றினார். "அதுசரி, புதன்கிழமை நீங்கள் மிசின் போடேல்லையாம். எனக்கு அறிக்கை வந்திருக்கு."

"தண்ணி இருந்தால்தானே போடுறது?"

"தண்ணி இல்லாட்டியும் போடவேணும். உரிமையைப் பாவிக்காமல் விடுறது எதிரிக்குப் பலம் குடுக்கிற வேலை. நாளைக்கு எங்கடை ஆள் றொகானை அனுப்பிறன். அவர் பார்த்துக்கொள்ளுவார்."

சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அதற்கு ஒரு காவல்காரரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

றொகான் சிவப்புத் தொப்பியும் விசிலுமாக வந்தான். தடித்த ஆள், நாற்பது வயதிருக்கும். கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தான். எவரும் எவருக்கும் தடை போடாமல் பார்ப்பது அவன் கடமை. முதல் நாள் ஒருவரும் தடை போடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காவலுக்கு வந்துவிட்டு ஒருமுறையாவது ஊதாமல் போவது எப்படி என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோது, மீனாம்பிகை உதயகலாவின் தோட்டத்தைப் பார்த்து மனம் இளகினாள்.

"கலா, உன்ரை வெங்காயத்தைப் பார்க்க வயிறு எரியுது. இண்டைக்கு நீ இறை. நான் நாளைக்கு..."

விசில் பறந்தது.

"நிப்பாட்டுங்கோ! உதென்ன, முறை வைக்கிறியளோ?"

"முறையும் மண்ணாங்கட்டியும்! அவளுக்கு இடம் விடுறன்."

"இடம் விட்டால் அதுதான் முறை. இண்டைக்கு இடம் விடுவியள், நாளைக்குப் பதிலுக்கு அவ விடுவா. பேந்து பழைய அடிமைத்தனம்தான். விட்டுக்குடுக்கிறது தடை. ரெண்டு பேரும் ஒண்டா இறையுங்கோ!"

"கண்டறியாத சுதந்திரம்," என்று முணுமுணுத்துக்கொண்டு மீனாம்பிகை மிசினை இழுத்தாள். உதயகலாவும் இழுத்தாள். இரண்டு பேருக்கும் சேற்றுத் தண்ணீர் அரை வாளி வந்தது. றொகான் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

இந்த வெற்றிகளைக் கேள்விப்பட்டு, வேட்பாளரே கிணற்றைப் பார்க்க எழுந்தருளினார். கலாநிதி சுபாஸ்கரன் சுதந்திரம் பற்றி மூன்று நாடுகளில் விரிவுரை செய்தவர். வந்து இறங்கியதும் குடை பிடித்தார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். 'விடுதலை நீர் அருந்தல்' என்று நிகழ்ச்சிக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். கோபிசங்கர் கிணற்றில் அள்ளிய தண்ணீரை வெள்ளித் தம்ளரில் நீட்டினார். கமராக்கள் நெருங்கின.

கலாநிதி ஒரு வாய் குடித்தார். முகம் ஒருகணம் கோணியது. துப்புவதா விழுங்குவதா என்று அவருடைய சுதந்திரம் ஒரு நிமிடம் தடுமாறியது. விழுங்கினார்.

"உறவுகளே!" என்றார், கண்ணில் நீர் தளும்ப. "உலகின் எத்தனையோ நகரங்களில் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன். இந்தச் சுவையை எங்கும் கண்டதில்லை. ஏன் தெரியுமா? இதில் உழைப்பாளியின் வியர்வை கலந்திருக்கிறது!"

கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் உதவியாளர் போத்தல் தண்ணீரை நீட்ட, கலாநிதி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டு உதயகலாவின் பக்கம் திரும்பினார்.

"சகோதரி, இந்த விடுதலையின் முகம் நீங்கள். என்னிடம் எதையும் கேளுங்கள். அச்சமின்றிக் கேளுங்கள். எங்கள் அரசியலில் கேட்கக்கூடாதது என்று ஒன்றில்லை."

ஒலிவாங்கி அவள் வாய்க்கு நேரே வந்தது. உதயகலா தோட்டத்தைப் பார்த்தாள். கருகிய பாத்தி கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது.

"திங்களையும் வியாழனையும் தாங்கோ, ஐயா."

கலாநிதி கோபிசங்கரைப் பார்த்தார். கோபிசங்கர் அவர் காதுக்குள் குனிந்தார். ஒலிவாங்கி அதையும் ஊருக்குச் சொன்னது: "திங்கள் செயற்குழு, சேர். வியாழன் தெல்லிப்பழைக் கூட்டம்."

"சகோதரி," என்றார் கலாநிதி கனிவாக, "அந்த இரண்டு நாளும் என்னிடமே இல்லை. அவற்றைக் கட்சி எடுத்துவிட்டது. வேறு எதையாவது கேளுங்கள்."

"வேறை ஒண்டும் வேண்டாம்."

"கேட்டீர்களா உறவுகளே? வேறொன்றும் வேண்டாம் என்கிறார்! இதுவல்லவா விடுதலை தந்த நிறைவு!"

அன்றைக்கு அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

பின்னேரம், வண்டிகளெல்லாம் போய், றொகானும் தேத்தண்ணிக் கடைப்பக்கம் போன பிறகு, பங்காளிகள் மூவரும் கிணற்றுக்கட்டில் கூடினார்கள். இராசநாயகத்தின் புது மிசின் காற்றை உறிஞ்சி உறிஞ்சிப் பழுதாகித் திருத்துமிடத்தில் கிடந்தது.

"எல்லாம் உன்னாலை வந்தது, கலா," என்றார் அவர். "உனக்கு ஏன் அந்தப் பெட்டைக்கு முன்னாலை வாய் திறக்கிற வேலை?"

"வெறுங்கையோடை அனுப்பக் கூடாதெண்டு..."

"அதுக்கு ஒரு பூசணிக்காயைக் குடுத்திருக்கலாமே!"

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை," என்று மீனாம்பிகை இடையில் விழுந்தாள். "பெரிய மிசினை வைச்சுக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டது ஆர்? நானும் தொங்கப்போட்டன்தான், இல்லை எண்டேல்லை. இப்ப வெங்காயம் போகப்போறது அவளின்ரை."

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, தடைசெய்யப்பட்ட சங்கத்தின் ஆளைப் போல மெல்லக் கேட்டார்.

"வியாழன் ஆரின்ரை முறை?"

"என்ரை," என்றாள் உதயகலா, அதைவிட மெல்ல.

"தெல்லிப்பழைக்கு பஸ் விடுகினம். றொகானும் அதிலைதான் ஏறவேணும், சனத்தை எண்ணுறது அவன்தானே. நானும் மீனாம்பிகையும் போறம். நீ நில்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒருத்தரும் இறைக்கிறேல்லை. கிணறு ஊறட்டும்."

"றொகான் விசில் ஊதுவானே?"

"மிசினைப் போடச் சொல்லித்தானே ஊதிறான்?" என்றாள் மீனாம்பிகை. "குழாயைத் தண்ணிக்குள்ளை விடச் சொல்லி ஊதேல்லையே. ரெண்டு நிமிசம் சத்தம் கேட்டால் அவனுக்குப் போதும். வெள்ளி என்ன இருக்கு?"

"வல்வெட்டித்துறையிலை ஊர்வலம். வெள்ளி என்ரை முறை, மிசினும் அதுக்குள்ளை திருத்தி வந்திடும், நான் போகேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

"சனி?"

"சனி மாதர் மாநாடு."

"சனி என்ரை," என்றாள் மீனாம்பிகை. "மாதர் மாநாட்டுக்குக் கலாவோடை நீங்கள் போய் இருங்கோ, அண்ணை. சாப்பாட்டுப் பார்சல் குடுக்கினமாம்."

வியாழக்கிழமை பஸ் வந்தது. றொகான் விசில் ஊதிச் சனத்தை ஏற்றினான். மீனாம்பிகை யன்னலோரம் பிடித்தாள். இராசநாயகம் முன்னணியின் கொடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கலா அக்கா எங்கை?" என்று றொகான் கேட்க, "அவவைத் தனி வாகனத்திலை கூப்பிடுகினமாம், முகமெல்லோ" என்றாள் மீனாம்பிகை. பஸ் போய்விட்டது.

உதயகலா கிணற்றடிக்கு வந்தாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். உவர் முழுக்கப் போகவில்லை, ஆனால் அடங்கியிருந்தது. மிசின் வழமைபோல இருமிவிட்டுத் தொடங்கியது. தண்ணீர் வாய்க்காலில் ஓடிப் போய் முதற் பாத்திக்குள் நுழைந்தது. வேலியோரப் பாத்திகள் இனிச் சரிவராது, அவள் அவற்றுக்குத் தண்ணீர் விடவில்லை. மற்றவை நிமிர்ந்துவிடும். மண்வெட்டியோடு தோட்டத்தின் மறு முனைக்குப் போய் மண்ணை வெட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது.

"அக்கா! எங்கை நிக்கிறியள்? மேடையிலை உங்கடை கதிரை வெறுமையாக் கிடக்கு. கலாநிதி பேசத் தொடங்கீட்டார்!"

"வரேலாமல் போச்சுத் தம்பி."

கோபிசங்கரின் குரலுக்குப் பின்னால் கலாநிதியின் குரல் முழங்கியது. "அந்த வெறும் கதிரையைப் பாருங்கள், உறவுகளே! எங்கள் விடுதலையின் முகமாகிய அந்தச் சகோதரியை இங்கே வரவிடாமல் தடுத்தது யார்?"

"ஆர்? ஆர்? இப்பவே சொல்லுங்கோ!" என்று சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். மீனாம்பிகையின் குரல்தான், சந்தேகமில்லை. இராசநாயகத்தின் செருமலும் கேட்டது. பிறகு எல்லாம் கைதட்டலில் மூழ்கிப் போயின.

கோபிசங்கர் தொலைபேசிக்குள் கிசுகிசுத்தார். "அக்கா, உண்மையா ஆர் தடுத்தது? பேரைச் சொல்லுங்கோ. துண்டிலை எழுதிக் குடுத்தால் அவர் அதையும் சேர்த்துப் பேசுவார்."

பாத்தி நிறைந்துவிட்டது. உதயகலா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, குனிந்து அந்தப் பாத்தியின் வாயை அடைத்து அடுத்ததைத் திறந்தாள்.

"பேரொண்டும் வேண்டாம், தம்பி. அவரைக் கொஞ்சம் நீட்டிப் பேசச் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் நாலு வரிசை பாத்தி கிடக்கு."